குருத்துப்பூச்சியை முட்டையிலேயே மடக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்தச் சம்பாவில் நெல் தண்டைக் குடையும் குருத்துப்பூச்சிக்காக மருந்துத் தெளிப்பான் எடுக்கும்படி ஆகவில்லை. அதற்குக் காரணமானவர்கள் நீங்கள்.

முதல் நன்றி நடவுக்கு வந்த அக்காமார்களுக்கு. தாய்ப்பூச்சி இலை நுனியை ஒட்டி முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று மயிரால் மூடிவிடும். பார்த்தால் இலையில் காய்ந்த சேற்றுத் துணுக்கு மாதிரிதான் இருக்கும். நாற்றுமுடியின் நுனியைக் கிள்ளிய கையோடு வயலில் வீசாமல் சாக்கில் சேர்த்தீர்கள். வயலிலேயே கிடந்தால் முட்டை 5 முதல் 8 நாளில் பொரிந்து, புழு நூல் விட்டுக் காற்றில் ஆடி அடுத்த குத்துக்குப் போய்விடும். தண்டுக்குள் புகுந்த புழுவை மேலே அடிக்கும் மருந்து எளிதில் எட்டாது. பாக்டீரியா இலைக்கருகல் தென்பட்ட நாற்றங்காலில் மட்டும் கிள்ளவிடாமல் தடுத்த வேளாண் அலுவலருக்கும் நன்றி. கிள்ளிய காயத்தின் வழியே அந்நோய் எளிதில் புகும்.

கிள்ளிய நுனிகளைக் கொளுத்தப் போனபோது மறித்தவர்கள் பயிற்சிக்கு வந்த வேளாண் கல்லூரி மாணவர்கள். அக்குவியல்களில் பூச்சியின் முட்டைகளை அழிக்கும் டெலினோமஸ், டெட்ராஸ்டிகஸ் என்ற சிறு குளவிகள் இருக்கும். டெலினோமஸ் தாய்ப்பூச்சியைத் தொற்றிக்கொண்டே வந்து, அது முட்டையிடும்போதே தன் முட்டையை உள்ளே செலுத்திவிடும். அதைக் கொளுத்துவது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். மூங்கில் கூண்டில் நுனிகளைப் போட்டு, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டின் நடுவே நிறுத்தினார்கள். குளவி பறந்துவிடும், புழு தட்டில் விழும்.

டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற இன்னொரு முட்டை அழிக்கும் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டைகளை நாள் தவறாமல் தந்த ஒட்டுண்ணி உற்பத்தி மையத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஏக்கருக்கு 2 சி.சி. (அட்டையில் ஒட்டிய முட்டைகளின் அளவு), நட்ட 30, 37ஆம் நாட்களில். அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக இலையின் அடிப்பக்கம் பின் அடிக்க வேண்டும். ஒரே மூலையில் கட்டினால் மறுகோடிக்குக் குளவி போய்ச் சேராது. வரப்போரம் வைத்தால் எறும்பு தின்றுவிடும். மயிர் மூடிய குவியலின் அடியடுக்கு முட்டைகள் இக்குளவிக்கு எட்டுவது கடினம். அதனால்தான் அட்டை இருந்தும் கூண்டு வேண்டியிருந்தது.

சொல்லப்போனால் பெரிய உதவி பக்கத்து வயல்காரர்களுடையது. அட்டை கட்டிய வாரங்களில் அவர்களும் தெளிப்பை நிறுத்தி வைத்தார்கள். காற்றில் வரும் மருந்துச் சாரலே குளவிக்கு எமன். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல், அல்லது 10 சதவீதம் நடுக்குருத்துக் காய்தல் வந்தால் மட்டும் மருந்து என்று பேசிக்கொண்டோம். பெண்பூச்சியின் வாசனை காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண்பூச்சி மட்டுமே என்பதால், முட்டையைக் கண்ணால்தான் தேட வேண்டியிருந்தது. பள்ளி விட்டு வந்து வரிசை வரிசையாகத் தேடித் தந்த பிள்ளைகளே, உங்கள் கண் எங்களுக்கு வராது!

கடைசியாக, அறுவடை இயந்திர ஓட்டுநர் தம்பிக்கு. அறுத்த பின் நிற்கும் தாளில் தங்கும் புழுதான் அடுத்த போகத்தின் தாய்ப்பூச்சி என்றதும் தரையொட்டி அறுத்துத் தந்தார். வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது. கூடுதல் வாடகை கேட்கவில்லை.

இப்படிக்கு,
உழவர் குழுவினர்