சாக்ஸிடாக்ஸின் எலைசா கிட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஐந்தாவது கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வெப்பத்தில் கெட்டுப்போன கிட்டும் முழுமையற்ற விளக்கத்தாளும் அனுப்பியது தொடர்பாக

ஐயா,

வணக்கம். மட்டியில் சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு விஷம் இருக்கிறதா என்று பார்க்க உங்களிடம் வாங்கிய எலைசா கிட் (நிற மாற்றத்தை வைத்து விஷத்தை அளக்கும் சோதனைப் பெட்டி) பற்றி இதற்கு முன் நான்கு கடிதம் எழுதியாயிற்று. நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. போன் போட்டால் விற்பனைப் பிரிவு டெக்னிக்கலைக் கேளுங்கள் என்கிறது, டெக்னிக்கல் டெஸ்பாட்சைக் கேட்கச் சொல்கிறது, டெஸ்பாட்ச் கஸ்டம்ஸைக் காட்டுகிறது. இனி அலைய எங்களுக்குத் தெம்பில்லை. தயவுசெய்து இதையாவது கடைசி வரை படியுங்கள்.

14-ம் தேதி உங்கள் டெக்னிக்கல் எண்ணில் எடுத்தவர் பேசிய பேச்சை முதலில் எழுதிவிடுகிறேன். ஜீரோ ஸ்டாண்டர்டே (விஷமே இல்லாத ஒப்பீட்டுக் கரைசல்) நிறம் பிடிக்கவில்லை, இந்த ரிசல்ட்டை வைத்து மட்டியை வெளியே விட முடியாது என்றதற்கு அவர் சொன்னது: "நல்லா வேக வச்சா விஷம் போயிடும் சார், எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" சாக்ஸிடாக்ஸின் கிட் விற்கிற கம்பெனியின் ஆள் சொல்கிற பேச்சா இது? 100 கிராம் சதையை அரைத்து, 100 மில்லி 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைப்பதுதானே உங்கள் விளக்கத்தாளின் முதல் வேலை? கொதித்தால் போய்விடுகிற விஷம் என்றால் அதை எப்படிக் கொதிக்கவைத்தே பிரித்தெடுக்கிறோம்? அமிலத்தில் அது கல் மாதிரி நிற்கும், காரம் ஏறினால்தான் சிதையும். பிஎச் 4-ஐத் தாண்டக் கூடாது என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பவர்கள் நீங்கள். போதாததற்கு, இதே விஷக் குடும்பத்தில் சி1, சி2 போன்ற வீரியம் குறைந்த வகைகள் சூடான அமிலத்தில் சல்போ தொகுதியை இழந்து, பல மடங்கு கொடிய கோனியாடாக்ஸின்களாக மாறுகின்றன. வேகவைத்த தண்ணீரிலும் விஷம் இறங்கும். அந்தத் தண்ணீரிலேயே குழம்பு வைக்கிற வீடு எத்தனை இருக்கிறது!

அவர் சொன்னதை நம்பி ஒருவர் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் சுருசுருவென்று மரத்துப்போகும். பிறகு விரல் நுனி, கை, கால். கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். நரம்பிலுள்ள சோடியம் வாயிலை வெளிப்பக்கமிருந்து அடைத்துக்கொள்கிற மூலக்கூறு இது. மாற்று மருந்து கிடையாது. உடல் அதை வெளியேற்றும் வரை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி. 1981-ல் தமிழகக் கடலோரத்தில் மட்டி சாப்பிட்டு 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து 3 பேர் இறந்தது இதே விஷத்தால்தான். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் உள்ள பொருள், அதனால் கஸ்டம்ஸில் நிற்கிறது என்று ஆறு நாள் சொன்னீர்கள். அட்டவணையில் இருப்பது உண்மைதான். ஆனால் பார்சல் கஸ்டம்ஸில் இல்லை, உங்கள் சென்னை கிடங்கில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து 600 கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் ஆள் அனுப்பினோம். சனிக்கிழமை யாரும் வர மாட்டார்கள் என்று காவலாளி சொல்கிறார். பெட்டி அவருடைய மேஜைக்குக் கீழே கிடக்கிறது! 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி. ஐஸ் ஜெல் பை வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. வெப்பநிலை ஸ்டிக்கர் முழுக்கச் சிவப்பு. சோதனைக் குழிகள் உள்ள தட்டின் அலுமினியத் தாள் உறைக்குள் நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் ஈரம் ஏறி ரோஸ் நிறம். போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன்.

அதன் விளைவு: 450 நானோமீட்டர் ஒளியில் நிற அளவு 0.8-க்கு மேல் வர வேண்டிய ஜீரோ ஸ்டாண்டர்ட் 0.31. ஒரே சாம்பிளின் இரண்டு குழிகளுக்கு நடுவே 28 சதவீத வித்தியாசம். நிறம் குறைந்தால் விஷம் அதிகம் என்று கணக்கிடுகிற கிட் இது. என்சைம் செத்துப்போய் நிறம் குறைகிறதா, விஷத்தால் குறைகிறதா என்று எந்த ஆய்வகத்தால் சொல்ல முடியும்?

வெப்பம் ஒரு பிழை என்றால், விளக்கத்தாள் அதைவிடப் பெரிய பிழை. "மொத்த பிஎஸ்பி நச்சு" (மட்டியால் பக்கவாதம் வரவைக்கும் விஷ வகைகள் எல்லாம்) என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆன்டிபாடி (விஷத்தைப் பிடிக்கும் புரதம்) சாக்ஸிடாக்ஸினை வைத்து உருவாக்கியது. முதல் நைட்ரஜனில் ஹைட்ராக்ஸில் ஏறிய நியோசாக்ஸிடாக்ஸின், ஜிடிஎக்ஸ் 1, 4 (கோனியாடாக்ஸின் வகைகள்) ஆகியவற்றை அது ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. மூன்று முறை கேட்ட பிறகு நீங்கள் அனுப்பிய குறுக்குவினை அட்டவணையில் (ஒவ்வொரு விஷ வகையையும் ஆன்டிபாடி எவ்வளவு பிடிக்கும் என்ற பட்டியல்) நியோவுக்கு 1.3 சதவீதம் என்று இருக்கிறது. அப்படியென்றால் கிலோவுக்கு 900 மைக்ரோகிராம் நியோ உள்ள மட்டியை உங்கள் கிட் 12 என்று காட்டும். கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு 800. வரம்பைத் தாண்டிய சரக்கு பாஸ் ஆகி யாரோ ஒருவர் தட்டுக்குப் போகும். நியோ, சாக்ஸிடாக்ஸினுக்குச் சமமான அல்லது அதைவிடக் கூடுதலான வீரியம் உள்ளது என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த அட்டவணை பெட்டிக்குள் முதலிலேயே இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் எச்பிஎல்சி என்ற கருவிச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள்களை நாங்களே பிரித்திருப்போம்.

இரண்டு டன் சரக்கு ஒன்பது நாள் குளிர்கிடங்கில் நின்றது. வாங்குபவர் வேறு இடம் பார்த்துவிட்டார். பதினைந்து வருடம் சேர்த்த பெயர் ஒரே வாரத்தில் மண்ணாகிவிட்டது. கோடி கொடுத்தாலும் இது ஈடாகாது.

உங்களுடன் தொடர்ந்து வியாபாரம் செய்யவே விரும்புகிறோம். ஆகவே கேட்பது இவ்வளவுதான்: கிட்டின் விலை 78,000 ரூபாய் முழுதும் திரும்ப வேண்டும், அட்டையிலிருந்து "மொத்த" என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குறுக்குவினை அட்டவணையை ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க வேண்டும், இந்த லாட்டை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதன் பிறகு நுகர்வோர் ஆணையம். மற்ற ஆய்வகங்களுக்குச் சொல்வதற்கு மட்டும் 15 நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்றைக்கே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தர ஆய்வுப் பிரிவு
(இணைப்பு: பில் நகல், போட்டோ 6, தட்டு ரீடர் அச்சு 2)