ரியாத்தில் கார் வாங்கப் போகும் மகளுக்கு

மக்ளே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். பாலைவன ரோட்டில் ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள், கடைசியில் கம்பெனி பெயர் வருகிறது. "இதையே வாங்கட்டுமாப்பா?" என்று கேட்டிருந்தாய். உன் சம்பளம், உன் லைசென்ஸ், தாராளமாக வாங்கு. ஆனால் அந்த ஊரில் பெண்களுக்கு என்று கார் விளம்பரம் எப்போது, எப்படித் தொடங்கியது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

சவுதியில் அதுவரை பெண்கள் வண்டி ஓட்டத் தடை இருந்தது. இனி ஓட்டலாம் என்ற மன்னர் சல்மானின் உத்தரவு 2017 செப்டம்பர் 26 அன்று வந்தது. அமலுக்கு வரப்போவது அடுத்த வருஷம் ஜூனில்தான். ஆனால் சில நாட்களுக்குள்ளேயே கார் கம்பெனிகள் ட்விட்டரில் இறங்கிவிட்டன. ஃபோர்டு போட்ட படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடி மட்டும், அதில் ஒரு பெண்ணின் கண்கள். டிரைவர் சீட்டுக்கு வருக என்று கீழே ஒரு வரி. ஃபோக்ஸ்வாகன், மருதாணி போட்ட இரண்டு கைகளை ஸ்டியரிங் பிடித்த மாதிரி காட்டி, இனி என் முறை என்று எழுதியது. நிஸானும் ஒரு நம்பர் பிளேட்டில் '2018 கேர்ள்' என்று போட்டது. ஒரே ராத்திரியில் ஒரு நாட்டின் பெண்கள் எல்லாரும் புது வாடிக்கையாளர்கள் ஆனால் எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்?

நிஸான் அப்புறம் ஒரு வீடியோவும் விட்டது. சவுதிப் பெண்கள் சிலர் வண்டி பழக வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க வந்து நிற்பது அவர்களுடைய அப்பா, கணவன், அண்ணன். பெண்ணைப் பெற்றவனாக எனக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் யோசித்துப் பார். பெண்ணுக்கு என்று எடுத்த விளம்பரம் பாதி நேரம் ஆண்களிடம்தான் பேசுகிறது. வீட்டில் யார் சம்மதித்தால் கார் வாங்குவார்கள் என்பது எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த விளம்பரங்களில் வராத பெண்களைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். 1990 நவம்பரில் ரியாத்தில் 47 பெண்கள் சேர்ந்து காரில் ஊர்வலமாகப் போனார்கள். அவர்களில் பலருக்கு வேலை போனது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். 2011இல் மனால் அல் ஷரீப் என்ற பெண் அல் கோபரில் தானே கார் ஓட்டி, அதை யூடியூபில் போட்டாள். நான் அப்போது அல் கோபரில்தான் ஹவுஸ் டிரைவர். ஒரே போனைச் சுற்றி நின்று டிரைவர்கள் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்தோம். அவளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்ற செய்தியும் பின்னாலேயே வந்தது.

நான் வண்டி ஓட்டிய வீட்டு மேடம் ஒரு டீச்சர். அமெரிக்காவில் படித்தவர், அங்கே லைசென்ஸ் எடுத்து ஓட்டியவர். என் சம்பளம் அவர் சம்பளத்திலிருந்துதான் வந்தது. ஒரு நாள் நான் கபீலை, அதாவது எனக்கு விசா கொடுத்த முதலாளியை, ஏற்றிக்கொண்டு தம்மாம் விமான நிலையத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவர்களுடைய சின்னப் பையனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. வாசலில் இன்னொரு வண்டி நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, ஓட்டத் தெரிந்த தாய் பக்கத்திலேயே இருக்கிறார். நான் திரும்பி வருகிற வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். பையன் பிழைத்துவிட்டான். அந்த மேடத்தின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தடை நீங்குவதற்குச் சில வாரம் முன்பு, 2018 மே மாதம், அந்த உரிமைக்காகவே போராடிய லுஜைன் அல் ஹத்லூலையும் இன்னும் சில பெண்களையும் கைது செய்தார்கள். ஜூன் 24 அன்று தடை நீங்கியது. அதே நாளில் பிரான்ஸில் அசீல் அல் ஹமத் என்ற சவுதிப் பெண் ரெனோவின் பார்முலா ஒன் ரேஸ் காரை ஓட்டினாள். அந்த வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அசீலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, திறமைசாலிப் பெண். ஆனால் லுஜைன் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில்தான். எந்தக் கார் கம்பெனியின் இணையப் பக்கத்திலும் நான் அவள் பெயரைப் பார்த்ததில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ சாவியைக் கையில் வாங்கும்போது கம்பெனிக்கு நன்றி சொல்லத் தோன்றினால், முதலில் இந்தப் பெண்களை நினைத்துக்கொள்.

சரி, இந்த விளம்பரம் உன்னைத் தேடி வந்தது எப்படி என்று நினைக்கிறாய்? இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுப்பவர்கள் பெண்ணா ஆணா, எந்த வயது, எந்த ஊர் என்று பொறுக்கி எடுத்துக் காட்டலாம். ஒரு கார் கம்பெனியின் தளத்துக்குள் ஒரு தடவை போய் வந்தாலே பின்னால் துரத்தும். விளம்பரத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டால் இது ஏன் எனக்கு வருகிறது என்று ஓரளவு சொல்லும். பார்த்துக்கொள்.

இனி வண்டி விஷயம். உன்னைக் கவர கலரையும் பாட்டையும் காட்டுகிறார்கள், உன் உயரத்துக்கு அந்த சீட் சரியாக இருக்குமா என்று காட்டுவதில்லை. மோதிப் பார்க்கும் சோதனையில் உட்காரவைக்கிற பொம்மை பெரும்பாலும் சராசரி ஆணின் அளவில் செய்தது. பெண் பொம்மை என்று அதிகம் வைப்பது சுமார் 150 சென்டிமீட்டர், 49 கிலோ. அதுவும் ஆண் உடம்பைச் சுருக்கி எடுத்த அளவு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, நேருக்கு நேர் மோதலில் பெல்ட் போட்டிருந்தும் பெண்ணுக்குப் பலத்த காயம் படும் வாய்ப்பு ஆணைவிட 73 சதவீதம் அதிகம். அதே வருஷம் வால்வோ கம்பெனி, 40 வருஷத்துக்கு மேல் சேர்த்த விபத்து ஆராய்ச்சியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அதுவும் விளம்பரம்தான். ஆனால் பெண்களுக்கு என்று விளம்பரம் செய்தால் அப்படிச் செய்யட்டும், நானே நாலு பேருக்கு அனுப்புவேன்.

நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு ஷோரூமுக்குப் போகாதே. சீட்டை எவ்வளவு ஏற்ற முடிகிறது என்று பார். பிரேக் முழுக்க மிதிக்க எட்டும்போது, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் பத்து அங்குலமாவது இருக்க வேண்டும். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் விழ வேண்டும், கீழ்ப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் நிற்க வேண்டும். தலை சாய்கிற பலகை கழுத்தோடு நின்றுவிடக் கூடாது. விளம்பரத்தில் வந்த வண்டியில் இதெல்லாம் சரியாக இருந்தால் அதையே எடு, எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போ.

சீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு வீடியோ கால் போடு, பெல்ட் எங்கே விழுகிறது என்று நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். விலையை நீயே பேசு. தவணைக்கு வட்டி எவ்வளவு, இன்சூரன்ஸ் அதில் சேர்த்தியா என்று எழுதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா