கொய்யா வந்து சேர்ந்ததா?

சாமி,

பார்சல் வந்ததா? ஆயக்குடிக் கொய்யா, புனே போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிடும் என்று காயாகவே பொறுக்கிப் போட்டேன். ஜூஸ் போடாதே, தோலோடு கடித்துத் தின்னு. ஆரஞ்சில் இருப்பதைவிட நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறதாம், 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். ஈறு உறுதியாகப் பல்லைப் பிடித்துக்கொள்ள அந்தச் சத்து வேண்டும், அது கிடைக்காமல்தான் அந்தக் காலத்தில் மாசக்கணக்கில் கப்பலில் கிடந்தவர்களுக்கு ஈறு வீங்கிப் பல்லே விழுந்தது.

பொங்கலுக்கு வந்தபோது கரும்பைக் கத்தியால் சீவித் தரச் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கேட்டதற்கு, ரத்தம் ஒன்றும் வரவில்லையே அம்மா என்றாய். போன வாரம் பல் டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராதாம், உள்ளே அது பாட்டுக்கு எலும்பு கரைந்துகொண்டிருக்குமாம். தின்கிற வைட்டமின் சியையும் புகை குறைத்துவிடுமாம். பொதுவாகத்தான் சொன்னார், நான் உன்னைச் சொல்லவில்லை.

உன் நீலச் சட்டையைத் துவைக்கும்போது பையில் இருந்ததை, அப்பா கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

டீம் லீடர் ஆகிவிட்டாய் என்று தெருவே பேசுகிறது, எனக்கும் பெருமைதான், ஆனால் பல்லைக் காட்ட ஒரு மணி நேரம் கிடைக்கவில்லையா? கொய்யா தெம்பு தரும், பல்லடியில் கல்லாக இறுகின காரையை அது பெயர்க்காது. கிளீனிங் பண்ணித்தான் எடுக்கணும். சீக்கிரம் போ.

எனக்கு இடது பக்கம் நாலு பல் ஏன் இல்லை என்று சின்ன வயசில் கேட்பாய், பூச்சி தின்றுவிட்டது என்பேன். பூச்சி இல்லை சாமி. புகையிலையை அந்தப் பக்கம்தான் ஒதுக்கி வைப்பேன், ஈறும் அங்கேதான் இறங்கியது. நாலாவது படிக்கும்போதே அந்தப் பொட்டலம் வாங்க உன்னைக் கடைக்கு அனுப்பினவள் நான், மீதிக் காசுக்கு மிட்டாய் வாங்கிக்கோ என்று வேறு சொல்வேன். போன வருஷமே விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னதும் பொய். ராத்திரி ஒரு தடவை மட்டும் இன்னும் போடுகிறேன். இதை வைத்துக்கொண்டு உன்னை என்னவென்று கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டுக் கூப்பிடு. கொய்யா விதை பல்லிடுக்கில் மாட்டும், தின்றதும் வாயைக் கொப்பளித்துவிடு.

அம்மா