மின்தடையின் முழுக் காரணத்தை வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு,

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். தேவை குறைந்த நேரத்தில் சூரிய மின்சாரம் அதிகமாகச் சேர்ந்ததால் மின்கட்டமைப்பு தளம்பியது என்ற விளக்கமும் பிறகு வந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 3 இயந்திரங்களும் நின்றுபோனதால் திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

என் மகள் அடுத்த மாதம் சாதாரணதரப் பரீட்சை எழுதுகிறாள். திங்கள் பின்னேரம், 2022இல் பரணில் போட்ட அரிக்கன் லாம்பை இறக்கி, கரி பிடித்த சிமினியைப் பழைய கடதாசியால் துடைத்துக் கொடுத்தேன். அந்த வருடத்தின் 13 மணி நேர வெட்டு நினைவுக்கு வந்து நெஞ்சு பதறியது.

சந்தையிலும் பஸ்ஸிலும் ஆளுக்கொரு கதை. யாரோ வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்கிறார்கள் சிலர். மின்சார சபையைப் பிரிக்கும் சட்டத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள் வேறு சிலர். எனக்கு எதையும் நம்ப ஆதாரம் இல்லை. ஆனால் மக்கள் சந்தேகப்படுவதில் என்ன பிழை? 2020 ஓகஸ்டில் கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டது. 2021 டிசம்பரில் மீண்டும் இருண்டபோது நாசவேலை என்ற பேச்சு எழுந்தது.

இம்முறையாவது விசாரணை அறிக்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் முழுமையாக வெளியிட வேண்டும்.

ஒரு வாசகி,
வவுனியா