எட்டணா பாக்கெட்டுக்கு இறங்கி வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நிறுவனங்கள் பணபலத்தால் நம் சந்தையை விழுங்குகின்றன என்று சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக்கடை வைத்திருப்பவன். கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது.

ஷாம்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலிவேலை செய்பவரும் வாங்கட்டும் என்று எப்சம் உப்பையும் முகப்பவுடரையும் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர் எங்கள் ஊர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதல் போட்டு 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். எதிரே நின்றது வெளிநாட்டு யூனிலீவரின் இந்துஸ்தான் லீவர். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும், இத்தனைக்கு ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார் ரங்கநாதன். கூட்டம் சேர்ந்ததும், சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தானே! 1999இல் எட்டணாவுக்கே, அதாவது ஐம்பது காசுக்கே, சிக் ஷாம்பூ வந்தது. அதற்கு முன்பே, பாட்டிலை மட்டும் நம்பி இருக்க முடியாமல் பெரிய கம்பெனிகளும் பாக்கெட்டுக்கு இறங்கி வந்திருந்தன.

இன்றும் என் கடை வாசலில் ஆணியில் தொங்குவது அந்தச் சரங்கள்தான். காலையில் மீன் எடுக்கத் துறைமுகம் போகிற பெண்கள் "ரெண்டு கிழிச்சுக் குடுண்ணே" என்பார்கள். எந்த நாட்டுக் கம்பெனி என்று ஒருவரும் கேட்டதில்லை. (எங்கள் ஊர் கெடிலம் ஆற்றில் ஒதுங்கும் குப்பையில் இந்தப் பாக்கெட்டுகளும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.)

பணம் மட்டும் போதும் என்றால் ஃபோர்டு ஏன் கதவைச் சாத்தியது? பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லித்தான் 2021இல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இலேயே இங்கு விற்பனையை முடித்துக்கொண்டது. ஃபோர்டு ஆலை இருக்கும் மறைமலைநகருக்கு அந்தப் பக்கம், திருப்பெரும்புதூர் அருகே 1998இல் சான்ட்ரோவோடு வந்த ஹூண்டாய் மட்டும் நிலைத்துவிட்டது. நம் தெருவுக்கும் நம் பட்ஜெட்டுக்கும் ஏற்ற சின்ன கார், கூப்பிடு தூரத்தில் சர்வீஸ், இங்கேயே செய்த உதிரிப்பாகம். ரகசியம் ஒன்றும் இல்லை.

இது இன்று நேற்றுச் சமாசாரமும் அல்ல. எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்தார். தாது சேலம் பக்கத்திலிருந்து வரவேண்டும், எரிக்க மரக்கரி வேண்டும். கட்டுப்படி ஆகாமல் போயிற்று. அதே வெள்ளைக்காரர் காலத்து பாரி கம்பெனியின் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கோ கரும்பு வாசலிலேயே விளைந்தது. முதலாளி மாறி, சென்னை முருகப்பா குழுமத்திடம் வந்த பிறகும் ஆலை நிற்கிறது.

சரி, பணம் ஜெயிக்கிற இடமே இல்லையா? இருக்கிறது. உங்கள் கட்டுரை அதைத்தான் தொடவில்லை. கடை கடையாக வந்து சரக்குப் போடும் லைன் சேல்ஸ்மேன் எனக்குப் போடுகிற விலையைவிடக் குறைவாக அதே சோப்பு செல்போன் செயலியில் கிடைக்கிறது. கொள்முதல் விலைக்கே கீழே விற்று எத்தனை மாதம் தாங்க முடியும்? எங்களால் முடியாது. முதலீட்டாளர் பணம் பின்னால் இருப்பவர்களால் முடியும். நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பு 2024இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் கொண்டுபோனது இந்த மாதிரி விலைக்குறைப்பைப் பற்றித்தான். அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தை தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அது நடைமுறையில் எப்படி இருக்கிறது, கிடங்கு யார் பெயரில், சரக்கு யார் பெயரில் என்று உங்கள் செய்தியாளர் விசாரித்து எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். கடலூரில் நாலு ஸ்டாக்கிஸ்டுகளிடமும் (கம்பெனி சரக்கை எடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் விநியோகஸ்தர்கள்) பேசச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் ஓய்வாக இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.