அந்த 12-ஆவது படம் என்னிடம்தான் இருக்கிறது, அண்ணா

அண்ணா,

நான் வேலை பார்த்த உங்கள் போட்டோ ஸ்டுடியோவைக் காலி செய்கிறீர்கள் என்று தெரிந்த இரவே அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். எது என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

2004 மே, கோட்டை அகழிக்கரை. ஆறு மணிக்கே இழுத்துக்கொண்டு போனீர்கள். யாஷிகா கேமராவில் ஒரு ஃபிலிமுக்கு 12 படம்தான். எட்டு மணிக்குள் பதினொன்றைத் தீர்த்துவிட்டேன். மதில் முழுக்க மஞ்சள் வெயில், யார்தான் எடுக்க மாட்டார்கள்? லென்ஸைக் கையால் மூடி, "இன்னா தெரியுது?" என்றீர்கள். "கோட்டை" என்றேன். "கோட்டைன்றது பேருடா. தெரியறதச் சொல்லு."

எனக்குப் பசி. ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. பதினேழு வயசுப் பையனை அக்கினி நட்சத்திர வெயிலில் அப்படி நிறுத்தி வைத்தது தப்பு, அண்ணா.

ஆனால் பதினோரு மணி வெயில்! கிழக்கு பார்த்த மதில். சூரியன் உச்சிக்கு ஏற ஏற, நேராக அடித்த வெயில் மேலிருந்து கல்லை உரசிக்கொண்டு இறங்கியது. காலையில் மொழுக்கென்று இருந்த கருங்கல்லில் உளி பட்ட ஒவ்வொரு குழிக்கும் நிழல் முளைத்தது. இடுக்கில் ஓர் அரசங்கன்று, நாலே இலை. அதன் நிழல் மட்டும் இரண்டு முழத்துக்குக் கீழே தொங்கியது. வெயிலுக்கு லென்ஸ் துளை 16 என்பது உங்கள் பாடம். குழிகள் இருண்டுவிடும் என்று, இன்னும் வெளிச்சம் விட நானாகவே 11-க்குத் திறந்தேன். ஷட்டர் 125. நீங்கள் வாயே திறக்கவில்லை. நான்தான் அழுத்தினேன்.

அதைத்தான் உங்கள் சீல் குத்தி வாசலில் மாட்டினீர்கள். கேட்டவர்களிடம் "நம்ம எடுத்தது" என்றீர்கள். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். ஊர்க்காரர்கள் படிப்பார்கள், அண்ணிக்கும் யாராவது காட்டுவார்கள்.

ஆவணி முகூர்த்தத்தன்று சொல்லாமல் காட்பாடியில் ரயில் ஏறியது என் தப்புதான். அன்றைக்குப் படம் எடுக்க இரண்டு கல்யாணத்துக்கும் நீங்கள் ஒருவராகவே ஓடினீர்களாம். மன்னித்துவிடுங்கள். அக்கா கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தது, நீங்கள் கொடுத்த சம்பளம்... சரி, விடுங்கள். நெகட்டிவை எடுத்ததை மட்டும் திருட்டு என்று ஒப்புக்கொள்ள இன்றைக்கும் மனசு வரவில்லை.

இப்போதும் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் ஜன்னல் எந்தத் திசையில் என்றுதான் முதலில் பார்க்கிறேன். என்னிடம் வேலைக்கு வரும் பையன்கள் பார்ப்பதற்கு முன்பே நூறு படம் எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் லென்ஸை நானும் மூடுகிறேன். முதலில் டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

நெகட்டிவ் அதே பட்டர் பேப்பர் உறையில் பத்திரமாக இருக்கிறது. ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது, போகவில்லை. கூரியரில் அனுப்பப் பயம். வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். அதுவரை என்லார்ஜரை விற்றுவிடாதீர்கள். ஒரே ஒரு பிரிண்ட் போடுவோம். பின்பக்கம் உங்கள் சீலைக் குத்துங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே என் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள்.