மூன்றாம் மாடிக் கரப்பான்கள் பற்றி முகாமைத்துவக் குழுவுக்கு ஒரு மடல்

வெள்ளவத்தையில் நாம் எல்லோரும் குடியிருக்கும் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை லிப்டுக்குள் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தீர்கள். வீடுகளுக்குள் பூச்சி வளர்ப்பது இம்மாத இறுதியோடு தடையாம். வீடுகள் என்று பன்மையில் எழுதினாலும் இந்தக் கட்டடத்தில் பூச்சி வளர்க்கிற வீடு ஒன்றுதான், அது எங்களுடையது. பெயர் போடாமல் விட்ட பண்புக்கு நன்றி. ஆனால் லிப்டில் வருகிற பிள்ளைகள் அறிவித்தலை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கூட்டத்துக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இதையெல்லாம் கதிரையில் இருந்தபடியே சொல்லி முடித்திருப்பேன். சிங்களப் பிரதியை மகன் எழுதித் தருகிறான்.

முதலில், இந்தத் தடைக்குக் காரணமான அந்தப் பிறந்தநாள் விசயம். ஐந்தாம் மாடியில், மழை கொட்டிய இரவில், கேக் வெட்டப்போகிற நேரம் ஒரு கரப்பான் ஜன்னலால் பறந்து வந்து மேசையில் இறங்கியது. எல்லோரும் அலறியது எங்கள் வீட்டுக்கே கேட்டது. மறுநாள் காலையில் செக்கியூரிட்டித் தம்பி தன் தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். செங்கபில நிறம், தலைக்குப் பின்னால் மஞ்சள் விளிம்போடு ஒரு கேடயம், முதுகு முழுவதையும் மூடிய நீண்ட சிறகு. இது அமெரிக்கக் கரப்பான். பெயர்தான் அமெரிக்கா, பூர்வீகம் ஆபிரிக்கா, வசிப்பிடம் நம் கழிவுநீர்க் குழாய். மழை பெய்து கான் நிரம்பினால் அது மேலே ஏறி வரும், வெப்பமான இரவில் பறக்கும். காலி வீதியில் இருந்து கடற்கரை வரைக்கும் எந்த ஒழுங்கையிலும் அதைக் காணலாம்.

நான் பெட்டியில் வளர்ப்பது டூபியா என்ற வேறோர் இனக் கரப்பான். தென்னமெரிக்காவின் ஆர்ஜென்டினா, பராகுவே பக்கத்துப் பூச்சி. பெண்ணுக்குச் சிறகு என்ற பெயரில் இரண்டு குட்டைத் துண்டுகள்தான் இருக்கும். ஆணுக்குச் சிறகு உண்டு. மேலே இருந்து தள்ளிவிட்டால் படபடத்துக் கீழே இறங்கும், அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் இருந்து ஐந்தாம் மாடிக்குப் பறந்து போய்க் கேக் தேடுகிற ஆள் அதில்லை. வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏறவும் அதனால் முடியாது, காலில் அதற்கான மெத்தை இல்லை. குழாய்க் கரப்பான் கண்ணாடியில்கூட ஏறும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் ஊர்வன வளர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இந்த இனத்தைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

ஏன் வளர்க்கிறோம் என்று இன்னும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மகனிடம் ஒரு லெப்பர்ட் கெக்கோ இருக்கிறது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலப் பல்லி. நம் சுவர்ப் பல்லி போல் இல்லாமல் அதற்கு இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும், சுவரில் ஏறாது. இலை தழை தொடாது, உயிருள்ள பூச்சிதான் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தாறு பூச்சி. நன்றாகப் பார்த்தால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். மகன் பல்கலைக்கழகம் போன பிறகும் இந்த வேலை என் தலையில்தான் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி வேறொரு மடல் எழுதவேண்டும், வேறொருவருக்கு.

ஆரம்பத்தில் சில்வண்டு வாங்கினோம். இரவு முழுக்கக் கத்தியது, செத்து நாறியது, துள்ளி ஓடியது. ஒருநாள் உணவு தீர்ந்துபோக, மகன் கீழ்த்தளக் குப்பை அறையில் ஒரு கரப்பானைப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் கையில் தட்டி எறிந்தேன். அருவருப்பினால் இல்லை. மாதாமாதம் நீங்கள் அடிக்கிற மருந்து அந்தப் பூச்சியின் உடம்பில் இருக்கும், அது பல்லியின் வயிற்றுக்குள் போகும். ஒட்டுண்ணிகள் வேறு. எந்தத் தீனைத் தின்று வளர்ந்தது என்று தெரிந்த பூச்சியைத்தான் கொடுக்கலாம். அதற்குத்தான் இந்தப் பெட்டி.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த அம்மா பெட்டியை முதன்முதல் கண்டபோது சொன்னது: "கரப்பொத்தானை அடிச்சுக் கொல்லுற வீடு கண்டிருக்கிறன், சோறு போட்டு வளர்க்கிற வீட்டை இப்பதான் காணுறன்." ஒரு கிழமைக்குள் அவவே கரட் தோலையும் பப்பாசித் தோலையும் எடுத்துவைக்கத் தொடங்கினா. தோடம்பழம் போட்டால் கூட்டமாக வந்து மொய்க்கும். மற்றபடி ஓட்ஸ், கொஞ்சம் கோழித்தீன். கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். புரதம் கூடினால் கரப்பான் அதை யூரேட் என்ற கழிவுப்பொருளாக உடம்புக்குள் சேர்த்துவைக்கும், அது பல்லிக்கு நல்லதல்ல. பூச்சியில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு என்பதால், கொடுக்கும் முன் கல்சியம் தூளில் ஒருதடவை உருட்டி எடுக்கவேண்டும், வடைக்கு மா பிரட்டுகிற மாதிரி.

பெட்டி என்பது மூடியோடு வருகிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் வெட்டிய துவாரத்துக்கு உலோக வலை ஒட்டியிருக்கிறது. உள்ளே முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன். குளிர் நாட்டுக்காரர் இதற்கு அடியில் சூடேற்றும் தகடு வைப்பார்கள். முப்பது பாகை செல்சியஸ் அளவில்தான் இவை நன்றாகப் பெருகும். கொழும்பில் அந்தச் செலவு இல்லை. இங்கே தொல்லை ஈரம்தான். மழை மாதங்களில் அட்டை பூஞ்சணம் பிடிக்கும், பழத்துண்டை ஒருநாளுக்கு மேல் விட்டால் சிற்றுண்ணி பெருகும். எறும்பு வந்தால் ஓர் இரவில் குஞ்செல்லாம் போய்விடும். அதற்கு அம்மம்மா காலத்து வழிதான். சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது போல, பெட்டி நிற்கும் முக்காலியின் கால்களும் தண்ணீரில் நிற்கின்றன. நுளம்பு பெருகாமல் இரண்டு நாளுக்கு ஒருதடவை தண்ணீரை மாற்றுகிறேன். சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் காட்டலாம்.

டூபியா முட்டைக்கூட்டை எங்கும் ஒட்டிவைக்காது. தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, ஒரு தடவைக்கு இருபது முப்பது குஞ்சாக வெளியே வரும். குஞ்சு முதிர ஐந்து மாதமளவில் செல்லும். உங்கள் குசினியில் ஓடுகிற சின்ன ஜேர்மன் கரப்பான் ஒரு கூட்டிலேயே முப்பது நாற்பது முட்டை சுமக்கும், இரண்டு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். எதைப் பற்றிக் கவலைப்படவேண்டும் என்பதை நீங்களே பாருங்கள்.

இனி எனக்குப் பாதகமான பக்கத்தையும் நானே சொல்கிறேன், வேறு யாரும் சொல்லுமுன்.

டூபியா இந்த மண்ணின் பூச்சி அல்ல. கனடாவில் வெளியே தப்பினால் பனி அதைக் கொன்றுவிடும், அப்படியிருந்தும் அங்கே அதற்குத் தடை. அமெரிக்காவில் வெப்பமான புளோரிடாவும் தடை செய்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் அனுமதி இல்லை, அங்கே வேறோர் இனத்தை வளர்க்கிறார்கள். கொழும்பின் வெப்பம் எனக்குச் செலவைக் குறைக்கிறது, ஆனால் தப்பிய பூச்சியைத் தடுக்க இங்கே குளிர் என்ற வேலியும் இல்லை. இதை நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

ஒரு தவறும் நடந்தது. போன வருடம் மகன் பழைய முட்டை அட்டைகளைக் குப்பை அறைக்குக் கொண்டுபோகப் பையில் போட்டான். நான் தற்செயலாக ஒன்றை விரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் அரிசி மணியளவில் நாலைந்து குஞ்சுகள். அதற்கு முன் எத்தனை அட்டை போனது, அவற்றில் என்ன இருந்தது என்று எண்ணி அன்றிரவு நான் தூங்கவில்லை. அன்று தொடக்கம் அட்டையும் எச்சத் தூளும் கட்டிய பையில் பிரிட்ஜின் உறைபெட்டிக்குள் இரண்டு நாள் இருந்த பிறகுதான் குப்பைக்குப் போகின்றன. (மீனுக்குப் பக்கத்திலா என்று கேட்காதீர்கள். அதற்குத் தனித் தட்டு.)

மற்றது, எங்கள் மாடியில் இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை. கரப்பானின் எச்சமும் தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும், இது உண்மை. இதை வளர்ப்பவர்களுக்கே நாட்பட ஒவ்வாமை வருவதுண்டு. முன்பு பெட்டியைப் பல்கனியில் துப்புரவாக்கினேன், காற்று அந்த வீட்டுப் பக்கம்தான் போகும். எனக்கு உறைக்கவில்லை, அந்தத் தாயிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, கதவு மூடிய குளியலறைக்குள் செய்கிறேன். பிள்ளையைப் பார்க்கிற மருத்துவர் இந்தப் பெட்டிதான் காரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால், மாதமுடிவு வரை காத்திருக்கமாட்டேன், அன்றைக்கே பெட்டி போய்விடும். அதற்கு அறிவித்தலும் தேவையில்லை.

ஆனால் பிறந்தநாள் கேக்குக்காகப் பெட்டியை எடுக்கமாட்டேன். எடுத்தாலும் அடுத்த மழைக்கு இன்னொன்று பறந்து வரும். குப்பை அறைக் கதவின் அடி ரப்பர் கழன்று எத்தனை மாதம்? கீழ்த்தளக் கான் மூடி இரண்டு உடைந்து கிடக்கின்றன. நடைபாதையில் மாதம் ஒருதடவை மருந்து விசிறுவதால் மணம்தான் மிச்சம். ஜேர்மன் கரப்பான் பல மருந்துகளுக்குப் பழகிவிட்டது. குசினி மூலைகளில் வைக்கிற ஜெல் இரைதான் அதற்குச் சரிவரும். அப்படியும் விசிறுவதென்றால், டெங்குப் புகை அடிப்பதென்றாலும், இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். போன முறை புகை உள்ளே வந்தபோது பெட்டிக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டு பல்லியையும் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடினேன், இரவு உடுப்போடு.

பூச்சி வளர்ப்பது தடை என்ற வரியை எடுத்துவிட்டு, எப்படிப்பட்ட பெட்டி, எந்த இனம், கழிவை எப்படி அகற்றுவது என்று எழுதுங்கள். வழுவழுப்பில் ஏறக்கூடிய இனங்களைத் தடை செய்யுங்கள், நானும் கையொப்பம் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருதடவை வந்து பாருங்கள்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கதவு திறந்திருக்கும். பயமுள்ளவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். அம்மா தேநீர் போடுவா, பக்கத்தில் சூசியமும் இருக்கும். வரும்போது செக்கியூரிட்டித் தம்பியையும் கூட்டி வாருங்கள், அந்தப் படத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் கரப்பான் வீட்டுக்காரி
(பிள்ளைகள் வைத்த பெயர்)